கேம்பிங் டிரெய்லருடன் சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

சென்னையில் 'கேரவன்' என்று சொன்னால், எந்தப் படத்தின் படப்பிடிப்பு என்றுதான் எதிரில் இருப்பவர் கேட்பார். நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வேனுக்கே அந்தச் சொல் இங்கே பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டது. இந்தக் கட்டுரை பேசுவது வேறொரு வண்டியைப் பற்றி. சொந்தக் காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லக்கூடிய, உள்ளே படுக்கையும் சிறு சமையல் மேடையும் கொண்ட கேம்பிங் டிரெய்லர் அது. வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ முதன்முறையாக அதை நெடுந்தூரம் கொண்டுபோக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வயதான பெற்றோர், இரண்டு குழந்தைகள், மனைவி, நான் என ஆறு பேர் ஒரு மார்கழியில் கன்னியாகுமரி வரை போய்த் திரும்பினோம். எட்டு நாட்கள், ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். அந்தப் பயணத்தில் நான் பட்ட அவதிகளில் முக்கால்வாசி, வண்டியை நிறுத்தும்போதும் திருப்பும்போதும் இரவு தங்க இடம் தேடும்போதும் வந்தவை. நேர்ச்சாலையில் முன்னோக்கி ஓட்டுவதை ஒரே நாளில் பழகிவிடலாம். எனவே பாதை வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்னால், எங்கே நிற்கப் போகிறோம், அங்கிருந்து எப்படி வெளியே வரப் போகிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வருகின்றன.

காரும் காகிதங்களும்

முதலில் உங்கள் காரின் கையேட்டை எடுத்து, அது எவ்வளவு எடையை இழுக்கலாம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு எண்கள் முக்கியம்: பிரேக் உள்ள டிரெய்லருக்கு எத்தனை கிலோ, பிரேக் இல்லாத டிரெய்லருக்கு எத்தனை கிலோ. சிறிய டிரெய்லர்களில் பலவற்றுக்குச் சொந்தப் பிரேக் இருக்காது. அவற்றின் முழுப் பாரத்தையும் உங்கள் காரின் பிரேக்கே தாங்கி நிறுத்த வேண்டும். கையேட்டில் இந்த எண்களே இல்லையென்றால், இழுக்கும் கொக்கியைப் பொருத்தித் தருகிறேன் என்று கடைக்காரர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், கார் தயாரித்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் பொருத்தாதீர்கள். கொக்கி காரின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு இணைய வேண்டும். பம்பரோடு வெல்டிங் வைத்து ஒட்டிய கொக்கி ஒருநாள் பம்பரோடு கழன்று போகும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் ஒரு மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. அதற்குத் தனிப் பதிவு எண் வேண்டும். அந்தச் சட்டத்தின் 61-ஆம் பிரிவின்படி டிரெய்லரின் சொந்த எண் அதன் பக்கவாட்டிலும், அதை இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரின் மீதும் தெரிய வேண்டும். பின்னால் வரும் போலீஸாருக்கு உங்கள் காரின் எண் பலகை டிரெய்லருக்குள் மறைந்துவிடும் என்பதால் இந்த விதி நியாயமானதே. காப்பீட்டு நிறுவனத்திடம் கொக்கி பொருத்தியதையும் டிரெய்லரையும் தெரிவித்து, பாலிசியில் அதைச் சேர்த்த தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் அச்சுப் பிரதிகளும் காரில் இருக்கட்டும். டிரெய்லரைப் பார்க்கும் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் உங்களை நிறுத்துவார்கள். பெரும்பாலும் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசையால்தான்.

முன்பாரமும் பின்பாரமும்

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டுவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. மாட்டு வண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று இரண்டு சொற்களைப் பயன்படுத்துவார்கள். மூட்டைகளை வண்டியின் பின்புறம் அதிகமாக ஏற்றிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்புறம் அதிகமாக ஏற்றினால் நுகத்தடி கழுத்தின்மேல் உட்கார்ந்து மாட்டை நடக்கவிடாது. சற்றே முன்பாரம் இருக்கும்படி மூட்டையை நகர்த்தி வைப்பதுதான் வண்டிக்காரரின் கைத்திறன். டிரெய்லருக்கும் இதே கணக்குத்தான். மாட்டின் கழுத்துக்குப் பதிலாகக் காரின் கொக்கி இருக்கிறது, அவ்வளவே.

டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின்மேல் அமர வேண்டும். 700 கிலோ டிரெய்லர் என்றால் 70 கிலோ. கொக்கியின் தகட்டிலும் கார்க் கையேட்டிலும் இதற்கென ஓர் உச்ச வரம்பு குறிப்பிடப்பட்டிருக்கும். எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. கொக்கிப் பாரம் மிகக் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பைப் போல இடமும் வலமும் ஆடத் தொடங்கி, ஒவ்வோர் ஆட்டத்திலும் காரின் பின்பகுதியைச் சேர்த்து இழுக்கும். மிகக் கூடினால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் லேசாகிப்போனதாகத் தோன்றும். எதிரில் வருகிறவர்களின் கண்ணில் உங்கள் ஹெட்லைட் குத்தும்.

எடை பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பூந்தமல்லி, செங்குன்றம் பக்கங்களில் லாரிகளுக்கான எடை மேடைகள் நிறைய இருக்கின்றன. பயணத்துக்கு எடுத்துப்போகும் எல்லாப் பொருட்களையும் ஏற்றிக்கொண்டு, முதலில் காரையும் டிரெய்லரையும் சேர்த்து நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள்; பிறகு டிரெய்லரைக் கழற்றி அதை மட்டும் மேடையில் விட்டு இன்னொரு சீட்டு வாங்குங்கள். கொக்கிப் பாரத்துக்கு வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியே போதும். அதன்மேல் உறுதியான மரத்துண்டு ஒன்றை நிறுத்தி, டிரெய்லர் சமதரையில் மட்டமாக நிற்கும்படி அதன் மூக்கை, அதாவது கொக்கியில் மாட்டும் முன்முனையை, மரத்துண்டின்மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும்.

எடை எங்கிருந்து ஏறுகிறது என்பதைப் பெரும்பாலோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூன்று 20 லிட்டர் கேன்கள் ஏற்றினால் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி கிட்டத்தட்ட 30 கிலோ. ஐந்து கிலோ எரிவாயு சிலிண்டரில் உருளையின் எடையும் சேர்கிறது. இதற்கு மேல் மடக்கு நாற்காலிகள், குக்கர், அரிசி, 'எதற்கும் இருக்கட்டும்' என்று அம்மா கட்டிக்கொடுக்கும் பித்தளைப் பாத்திரம். கனமானவை எல்லாம் தரைமட்டத்தில், சக்கர அச்சுக்கு நேர் மேலேயோ அதற்குச் சற்று முன்னாலோ இருக்க வேண்டும். மேல் அலமாரிகளில் துணியும் அப்பளமும் போன்ற லேசான பொருட்கள் மட்டும் இருக்கட்டும்.

நான் செய்த தவறு இதுதான். எங்கள் டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தது. சென்னையிலிருந்து கிளம்பும்போது அது காலி. எடையும் சரியாகவே இருந்தது. திருச்சியைத் தாண்டியதும் ஓர் இடத்தில் நல்ல தண்ணீர் கிடைத்ததே என்று 60 லிட்டரையும் நிரப்பிவிட்டேன். அடுத்த அரைமணி நேரத்தில் ஒரு சொகுசுப் பேருந்து எங்களை முந்திச் சென்றபோது டிரெய்லர் ஆடிய ஆட்டத்தை என் கைகள் இன்னும் மறக்கவில்லை. பக்கத்துச் சாலையில் ஒதுங்கித் தொட்டியைத் திறந்துவிட்டேன், ஆட்டம் நின்றது. தொட்டி அச்சுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வாங்கும்போதே கேளுங்கள். ஓடும்போது அது முழுதாக நிரம்பியிருக்கலாமா, காலியாகத்தான் இருக்க வேண்டுமா என்பதை அதைக் கொண்டே முடிவு செய்யலாம்.

மாட்டும் வரிசை

ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில், ஒரே ஆள், யாருடனும் பேசாமல் மாட்ட வேண்டும். பாதியில் போன் வந்தால் முதலிலிருந்து தொடங்குங்கள். டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டிருப்பதை உறுதி செய்தபின் காரைப் பின்னோக்கிக் கொண்டுவந்து, டிரெய்லரின் மூக்கில் உள்ள கப்ளர் என்னும் பூட்டைக் காரின் கொக்கியில் உள்ள இரும்புப் பந்தின்மேல் இறக்கிப் பூட்டுங்கள். பூட்டியதாகத் தோன்றுவதும் பூட்டியதும் ஒன்றல்ல. மூக்கைத் தாங்கும், அடியில் சிறு சக்கரம் உள்ள ஜாக்கியைக் கொண்டு அதைச் சற்று மேலே தூக்கிப் பாருங்கள், காரின் பின்புறமும் சேர்ந்து எழும்பினால்தான் பூட்டு விழுந்திருக்கிறது. அடுத்து, பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்குக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும்படி மாட்டுங்கள். கொக்கி நழுவினாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். பிரேக் உள்ள டிரெய்லர் என்றால், பிரிந்துபோனால் தானே பிரேக்கைப் பிடிக்க வைக்கும் கம்பியையும் காரில் மாட்டுங்கள். பிறகு மின் இணைப்பு. ஒருவர் பின்னால் நின்று இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, டெயில் விளக்கு என ஒவ்வொன்றையும் பார்த்துச் சொல்ல வேண்டும். கடைசியாக ஜாக்கிச் சக்கரத்தை முழுவதும் மேலே ஏற்றிப் பூட்டி, சக்கரக் கட்டைகளை எடுத்து உள்ளே வையுங்கள். ஜாக்கிச் சக்கரத்தை மறந்து தெருமுனை வேகத்தடையில் அதை வளைத்துக்கொண்ட கதை டிரெய்லர் வைத்திருக்கும் எல்லோரிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது.

எரிவாயு சிலிண்டரின் வால்வை மூடிய பிறகே வண்டி நகர வேண்டும். ஓடும் டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது. குழந்தைகள் எவ்வளவு கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பழகுங்கள்

நகரத்துக்குள் பழகுவதை நினைத்துப் பார்க்காதீர்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலையில் அதிகாலையில் ஓட்டினால் அகலமான பாதை, நீண்ட நேர்கோடு, திரும்புவதற்கு இடம் மூன்றும் கிடைக்கும். முதல் ஞாயிறு முன்னோக்கி ஓட்டவும் பிரேக் பிடிக்கவும் மட்டும். திருப்பத்தில் டிரெய்லரின் சக்கரம் காரின் சக்கரம் போன வழியில் போகாமல் உட்புறமாக வெட்டிப் போவதைக் கண்ணாடியில் பார்த்துப் பழகுங்கள். வளைவுக்குள் காரை நுழைப்பதற்கு முன் இன்னும் கொஞ்சம் நேரே போய்ப் பிறகு திருப்பினால், மூலையில் இருக்கும் பங்க் கடையும் தப்பிக்கும்.

இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகள் ரிவர்ஸுக்கு. காலி மைதானத்தில் நான்கு பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்து வைத்து அவற்றுக்கு நடுவே டிரெய்லரை நுழைத்துப் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். இந்த ஒரு குறிப்பு எனக்கு இரண்டு மாதக் குழப்பத்தைத் தீர்த்தது. மிகக் கொஞ்சமாகத் திருப்பி, டிரெய்லர் வளையத் தொடங்கியதும் ஸ்டியரிங்கைத் திரும்ப நேராக்கி அதைப் பின்தொடர வேண்டும். கோணம் கூடிப்போனால் டிரெய்லர் மடிந்து காரின் பக்கவாட்டில் இடிக்கும். அதற்கு முன்பே நிறுத்தி, முன்னால் போய் நேராக்கி, மறுபடியும் தொடங்குங்கள். நீளம் குறைந்த டிரெய்லர்தான் ரிவர்ஸில் அதிகம் படுத்தும், ஏனென்றால் அது நொடியில் மடிந்துவிடும். கீழே இறங்கி வழி சொல்பவர் ஒருவரே இருக்க வேண்டும், அவர் உங்கள் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். நம் ஊரில் ரிவர்ஸ் எடுத்தால் பத்துப் பேர் கூடி 'வா, வா, ஒடி' என்று ஆளுக்கொரு திசை சொல்வார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு உங்கள் ஆளை மட்டும் பாருங்கள்.

சாலையில்

ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் போதும். காரில் மட்டும் போனால் சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரே மூச்சில் போய்விடலாமே என்று தோன்றும். டிரெய்லரோடு அந்தக் கணக்கு செல்லாது. அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, மாலை நான்கு மணிக்குள் இரவு தங்கும் இடத்தை அடைந்துவிட வேண்டும். இருட்டில் தெரியாத இடத்துக்குள் டிரெய்லரை நுழைப்பதைவிட அந்த நாளின் கடைசி நூறு கிலோமீட்டரை விட்டுக்கொடுப்பது மேல்.

நால்வழிச் சாலையில் நான் 70 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 60-இலிருந்து 80-க்கு ஏற்றினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். லாரியோ பேருந்தோ முந்திச் செல்லும்போது அதன் முன்னால் தள்ளப்படும் காற்று முதலில் உங்களை வெளிப்பக்கம் தள்ளும், கடந்து போனதும் உள்பக்கம் இழுக்கும். கண்ணாடியில் அது வருவதைப் பார்த்தவுடன் ஆக்சிலரேட்டரைச் சற்று விட்டு, இடது ஓரம் ஒதுங்கி, ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்துக்கொண்டாலே போதும். டிரெய்லர் ஆடத் தொடங்கிவிட்டால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஆட்டத்துக்கு எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பவும் செய்யாதீர்கள். வேகம் எடுத்து இழுத்து நேராக்கலாம் என்பது அதைவிட ஆபத்தான யோசனை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வேகம் தானாகக் குறைய, ஆட்டமும் அடங்கும். பிறகு ஒதுங்கி நின்று பாரத்தைப் பாருங்கள்.

சுங்கச்சாவடிகளில் ஒரு தனி எச்சரிக்கை. கார் கடந்ததும் இறங்கும் தடுப்புக் கட்டை, பின்னால் டிரெய்லர் வருவதை அறியாமல் அதன் கூரையில் விழக்கூடும். பரனூரிலேயே தொடங்கி, ஒவ்வொரு சாவடியிலும் அகலமான ஓர வழியில் போய், கண்ணாடியை இறக்கி, 'பின்னால் வண்டி இருக்கிறது' என்று ஊழியரிடம் சொன்ன பிறகே நகருங்கள். அச்சுகளை எண்ணி வேறு கட்டணம் கேட்டால் ரசீது வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். பின்னால் நிற்கும் வரிசை ரிவர்ஸ் எடுக்கவும் விடாது, வாக்குவாதம் செய்யவும் விடாது.

வேகத்தடைகளில் கார் இறங்கியதோடு வேலை முடிந்துவிடாது. டிரெய்லரின் சக்கரம் ஏறி இறங்கும் வரை பத்து கிலோமீட்டர் வேகத்திலேயே போக வேண்டும்; இல்லையென்றால் உள்ளே இருக்கும் எண்ணெய்த் தூக்கு படுக்கைக்கு வந்துவிடும். இரு சக்கர வாகனக்காரர்கள் காருக்கும் டிரெய்லருக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாதை என்று நினைப்பதும் உண்டு. சிக்னலில் இடது பக்கம் திரும்புவதற்கு முன் இரண்டு முறை பாருங்கள்.

மலைப்பாதைகளைப் பற்றி என் கருத்து கடுமையானது: முதல் ஆண்டில் டிரெய்லரை மலையேற்றாதீர்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு 36. அடிவாரத்தில் டிரெய்லரை விட்டுவிட்டுக் காரில் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். மலைக்கே போகாதவர்களும் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையில் தொப்பூர்க் கணவாயில் இறங்கியாக வேண்டியிருக்கலாம். விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது. லாரி ஓட்டுநர்கள் சொல்வதுபோல் ஏறுவதற்குத் தேவைப்படும் கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விடுவதும் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வருவதும் பிரேக்கைக் காய்ச்சிவிடும். கன்னியாகுமரிக்கு முன்னால் காவல்கிணறு, முப்பந்தல், ஆரல்வாய்மொழி வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் அங்கே வீசும் காற்றுதான். மார்கழியில் எங்களுக்கு அது தொந்தரவு தரவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில், ஆனி, ஆடியில், பக்கவாட்டுக் காற்று டிரெய்லரை அடுத்த தடத்துக்கே நகர்த்தப் பார்க்கும். அந்த நாட்களில் 50-க்கு மேல் போகாதீர்கள்.

நிற்கும் ஒவ்வொரு முறையும்

முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். டிரெய்லரைக் குன்றத்தூர் பக்கம் வைத்திருக்கும் எங்களுக்கு அது மேல்மருவத்தூரை ஒட்டி வந்தது. அதன்பின் ஒவ்வொரு காபி நிறுத்தத்திலும் ஒரு சுற்று நடந்து வாருங்கள். கொக்கி, சங்கிலி, விளக்குகளைப் பார்த்துவிட்டு, இரண்டு சக்கர மையங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. கோவில்பட்டிக்கு முன்னால் எங்கள் இடது சக்கரம் மட்டும் கை வைக்க முடியாதபடி கொதித்தது. பேரிங்கில் கிரீஸ் வற்றியிருந்தது. கிளம்புவதற்கு முன் ஒரு மெக்கானிக் 'எல்லாம் பார்த்தாச்சு சார்' என்று சொல்லியிருந்தார். நான் நேரில் நின்று பார்க்கவில்லை. கோவில்பட்டியில் ஒரு டிராக்டர் பட்டறைக்காரர் இரண்டு மணி நேரத்தில் பேரிங்கைக் கழற்றிக் கழுவி, கிரீஸ் அடித்துக் கொடுத்தார். டிரெய்லரின் அச்சு வேலைக்குக் கார் ஷோரூமைத் தேடாதீர்கள். டிராக்டர் பட்டறைதான் அதற்கு உரிய இடம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. டிரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, நின்றே சாகின்றன: வெயிலில் மாதக்கணக்கில் நின்று பக்கவாட்டில் வெடிப்பு விட்டவை, காற்றுக் குறைவோடு ஓடிச் சூடேறி வெடிக்கும். டயரின் மேல்பள்ளங்கள் புத்தம் புதிதாக இருக்கின்றனவே என்று ஏமாறாதீர்கள். டிரெய்லருக்கென்று தனி ஸ்டெப்னி வேண்டும், காரின் ஜாக்கி டிரெய்லருக்குப் பொருந்துகிறதா என்பதையும் வீட்டிலேயே ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033.

இரவு எங்கே

கேரளத்தில் வாகமண் போன்ற சில இடங்களில் கேரவன் பூங்காக்கள் வந்துவிட்டன. நம் பாதையில் நாமே இடம் பிடிக்க வேண்டும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல்களில், குறிப்பாக மாமல்லபுரம், கன்னியாகுமரி போன்ற பெரிய வளாகங்களில், ஓர் அறை எடுத்துக்கொண்டு டிரெய்லரை வளாகத்துக்குள் நிறுத்தலாமா என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள். அறை வீணாகாது, பெரியவர்கள் குளிக்கவும் உடம்பை நீட்டவும் உதவும்.

எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த இடங்கள் கல்யாண மண்டபங்கள். அகலமான நுழைவாயில், பேருந்து திரும்பும் அளவுக்கு முற்றம், தண்ணீர், கழிப்பறை, காவலாளி என எல்லாமே அங்கே இருக்கும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும்; பயணத்துக்கு ஏற்ற குளிர்ந்த பருவமும் அதுவே. மேனேஜரிடம் நேரில் போய், குடும்பத்தோடு வந்திருக்கிறோம், ஒரு ராத்திரி நிறுத்திக்கொள்கிறோம், சுத்தமாக வைத்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லி ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள். விருதுநகர் அருகே ஒரு மண்டபத்தின் காவலாளி விடியற்காலையில் எங்கள் டிரெய்லரின் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக் கோலமும் போட்டுவிட்டார். ஓட்டல் அறையில் இது நடக்காது. விடிகாலைக் குளிரில், யாரையும் எழுப்பிக் காபி கேட்காமல், நம் அடுப்பில் நம் டிகாக்‌ஷன் இறங்கும் வாசனையோடு அப்பா திருப்பாவை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு கொக்கியும் சங்கிலியும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

லாரிகள் நிற்கும் பெட்ரோல் பங்குகள் இரண்டாம்பட்சம். பாதுகாப்பு உண்டு, தூக்கம் இராது. கடற்கரை மணலிலும் ஏரிக்கரையிலும் நிறுத்தாதீர்கள். சென்ற வழியில் வர முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருமுறை 'கடல் பார்த்த தோப்பு' என்ற பலகையை நம்பி ஒரு மண் பாதைக்குள் நுழைந்துவிட்டேன். இருநூறு மீட்டருக்கு அப்பால் வேலி. திரும்ப இடமில்லை. டிரெய்லரைக் கழற்றி, நான்கு பேர் கையால் தள்ளித் திருப்பி, மறுபடி மாட்டி வெளியே வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து, தெரியாத பாதை எதுவானாலும் முதலில் நான் இறங்கி நடந்து போய்ப் பார்க்கிறேன். டிரெய்லர் பிறகுதான் வரும்.

இடம் கிடைத்ததும் செய்ய வேண்டியவற்றின் வரிசை இது: வெளியே போகும் திசையை நோக்கி நிறுத்துவது, இடம் வலம் மட்டம் பார்த்துத் தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில் பலகை வைப்பது, சக்கரங்களுக்குக் கட்டை போடுவது, அதற்குப் பிறகே காரைக் கழற்றுவது, முன்பின் மட்டத்தை ஜாக்கியால் சரிசெய்வது, கடைசியில் நான்கு மூலைத் தாங்கிகளை இறக்குவது. கட்டை போடாமல் கழற்றினால் டிரெய்லர் தன் விருப்பப்படி கிளம்பிவிடும்.

மின்சாரம், தண்ணீர், வெக்கை

100 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் 1,200 வாட்-மணி இருப்பதாகக் கணக்கு வரும். லெட் ஆசிட் வகையில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும். 20 வாட் விசிறி இரவு முழுக்க ஓடினால் 200, விளக்குகளுக்கும் போன்களுக்கும் 100. மீதி 300-ஐச் சிறிய குளிர்பெட்டி அரை நாளில் குடித்துவிடும். கூரையில் 200 வாட் சூரியத் தகடு இருந்தால் நல்ல வெயில் நாளில் அந்த இழப்பு ஈடாகும். ஏ.சி.யை இந்தக் கணக்கில் சேர்க்கவே முடியாது. அதற்கு வெளி இணைப்பும் 15 ஆம்பியர் பிளக்கும் எர்த்தும் வேண்டும். கத்திரி வெயிலில் சென்னையைச் சுற்றி டிரெய்லரில் தூங்குவது இட்லிக் கொப்பரைக்குள் படுப்பது போல. டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை போங்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். தரைமட்டத்தில் இருக்கும் காற்றுத் துளைகளைப் பாயால் மூடிவிடாதீர்கள், அடுப்பைக் குளிர்காயப் பயன்படுத்தாதீர்கள். குடிக்கக் கேன் தண்ணீர், புழங்கத் தொட்டித் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவிய நீரை ஒரு வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள். டிரெய்லருக்குள் வைத்துக்கொள்ளும் பெட்டிக் கழிப்பறையில் சேர்வதை முறையான கழிப்பறையில் மட்டுமே கொட்ட வேண்டும். இந்த வேலையை யார் செய்வது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

செலவைப் பொறுத்தவரை, பணம் மிச்சமாகும் என்று எண்ணிக் கிளம்பாதீர்கள். என் காரின் மைலேஜ் லிட்டருக்கு 14-இலிருந்து 10-க்கு இறங்கியது. ஓட்டல் அறைகளில் மிச்சமானதை டீசலும் பேரிங்கும் எடுத்துக்கொண்டன.

திரும்பி வந்தபின்

வந்த அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், அரிசி, பருப்பு, மெத்தை எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். சென்னையின் ஈரக் காற்றில் மூடிய டிரெய்லருக்குள் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும், எலி அதற்கு முன்பே வந்துவிடும். தொட்டியை முழுவதும் வடித்து, சிலிண்டரைக் கழற்றி, பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். கடலோரம் போய்வந்திருந்தால் அடிச்சட்டத்தையும் கொக்கியையும் நல்ல தண்ணீரில் கழுவி, பந்தின்மேல் பழைய டென்னிஸ் பந்து ஒன்றை அறுத்து மாட்டிவிடுங்கள். டயர்களுக்கு வெயில் படாமல் சாக்கு கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.